அறிவியல் புனைவில் காதல் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

நெய்தல்நிலம்

இந்த இழையில் சில நாவல்களின் முடிவுகளைச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கும். முடிவு தெரிந்துவிட்டால் படிக்கும் ஆர்வம் போய்விடும் என்று நினைப்பவர்கள் புத்தகங்களை முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

சென்ற வாரம் ஜோ ஹால்ட்மன் எழுதிய 'தி ஃபாரெவர் வார்' நாவலை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் படித்தேன். 1974இல் வெளிவந்த புத்தகம். வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர் எழுதிய போர் எதிர்ப்பு நாவல் என்றுதான் எல்லோரும் அதை அறிமுகப்படுத்துவார்கள், கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் படித்தேன். இம்முறை கடைசிச் சில பக்கங்களில் என்னால் தாங்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு மாடிக்குப் போய் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

கதை இதுதான். மாண்டெல்லாவும் மேரிகேயும் ஒரே படையில் சேர்ந்தவர்கள். ஒளியின் வேகத்தை நெருங்கும் கப்பல்களில் அவர்கள் சண்டைக்குப் போய்த் திரும்பும்போது, அவர்களுக்குச் சில மாதங்களே கழிந்திருக்க, பூமியில் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஒரே கப்பலில் இருக்கும்வரை இருவருடைய காலமும் ஒன்றாகவே நகர்கிறது. பிறகு இருவரையும் வெவ்வேறு பிரிவுகளுக்கு மாற்றி ஓர் உத்தரவு வருகிறது. இருவரும் உயிருடன்தான் இருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பும் குறையவில்லை. ஆனாலும் இருவருடைய பயணத் தொலைவும் வேறு என்பதால், ஒருவர் திரும்பும் நாளில் மற்றவர் இறந்து நூற்றாண்டுகள் ஆகியிருக்கும் என்பது உத்தரவைப் படித்த கணமே இருவருக்கும் தெரிந்துவிடுகிறது.

1143 ஆண்டுகள் நீண்ட அந்தப் போர் முடிந்து மாண்டெல்லா திரும்பியபோது, அவனுடைய கோப்பில் இரண்டரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு கடிதம் இருக்கிறது. மேரிகே எழுதியது. அவள் தன் பணத்தையெல்லாம் போட்டு, பழைய படைவீரர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு போர்க்கப்பலை விலைக்கு வாங்கியிருக்கிறாள். ஐந்து ஒளியாண்டு தூரம் போவதும் திரும்புவதுமாக அந்தக் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியில் பத்து ஆண்டுகள் கழியும்போது அவளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம்தான் வயது கூடுகிறது. அவன் வரும்போது தனக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகியிருக்கும் என்று எழுதி, சீக்கிரம் வா என்று முடித்திருக்கிறாள்.

நம்முடைய முல்லைத் திணையில் தலைவன் வேந்தனுக்காகப் போருக்குப் போகிறான், கார்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். கார் வந்தும் அவன் வராதபோது, இது கார் இல்லை, கொன்றைதான் ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி அவளைத் தேற்றும் குறுந்தொகைப் பாடல் ஒன்று உண்டு. மேரிகே அந்தத் தோழியின் பொய்யை மெய்யாக்கியவள் என்று எனக்குத் தோன்றியது. பருவம் வராமல் அவளே தள்ளிப்போட்டுவிடுகிறாள்.

என்னுடைய எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காதல் கதையில் பிரிவுக்கு அப்பாவோ, சாதியோ, பணமோ, யாரோ மறைத்துவைத்த ஒரு கடிதமோ காரணமாக இருக்கும், நம் மனத்தில் பாதி அவர்கள்மேல் வரும் கோபத்துக்கே செலவாகிவிடும். இங்கே ஒளியின் வேகம்தான் தடை. அதன்மேல் யாரும் கோபப்பட முடியாது. கோபம் போக வழியில்லாததால் மனம் முழுவதும் அந்த இருவர் பக்கமே திரும்பிவிடுகிறது. அறிவியல் புனைவுக் காதல் இத்தனை ஆழமாக இறங்குவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் எப்படி?

கதிர்_ஆசிரியர்

நல்ல இழை. முப்பது ஆண்டுகள் இயற்பியல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

நீங்கள் சொன்ன கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். பத்து ஆண்டுகள் என்பது 120 மாதங்கள். அவளுக்கு ஒரு மாதம் என்றால் காலம் 120 மடங்கு மெதுவாகிறது. அதற்குக் கப்பல் ஒளியின் வேகத்தில் 99.9965 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். வேகம் கூட்டவும் குறைக்கவும் ஆகும் நேரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அந்த வேகத்தில் ஐந்து ஒளியாண்டு போய்த் திரும்ப வெளியில் பத்து ஆண்டுகள்தான் ஆகும். கதாசிரியர் பட்டப்படிப்பில் இயற்பியலும் வானியலும் படித்தவர், கணக்கு சரியாகவே பொருந்துகிறது. உங்களை உலுக்கியது அந்தக் கடிதத்தின் கடைசி வரி. என்னை உலுக்கியது இந்த எண். ஒரு பெண் தன் காதலுக்காகச் செய்த ஏற்பாட்டை என் மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தைக் கொண்டு சரிபார்த்துவிடலாம் என்பது எனக்குச் சொல்ல முடியாத ஆறுதலைத் தருகிறது. அவள் நம்பிக்கை வெறும் நம்பிக்கையாக நிற்கவில்லை, அதற்குக் கீழே ஒரு சமன்பாடு இருக்கிறது.

அதே சமன்பாடு இரக்கமில்லாமலும் நடந்துகொள்ளும். உர்சுலா லெ குவின் 1964இல் எழுதிய ஒரு சிறுகதையை இங்கே நினைவுகூர்கிறேன். பின்னர் 1966இல் அவருடைய முதல் நாவலுக்கு அதுவே முன்னுரைபோல் அமைந்தது. செம்லி என்ற உயர்குடிப் பெண், வறுமைப்பட்டுப்போன தன் குடும்பத்தின் பழைய கழுத்தணியைத் தேடிப் போகிறாள். கணவனுக்குச் சீதனமாகக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லையே என்ற குறைதான் காரணம், கணவன் அதை ஒருநாளும் கேட்டதில்லை. மண்ணுக்கடியில் வாழும் மக்கள் அவளை ஒரு கப்பலில் அழைத்துப்போகிறார்கள். ஒரே ஓர் இரவுப் பயணம் என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கப்பலுக்குள் அது ஓர் இரவுதான். நகையோடு அவள் வீடு திரும்பும்போது பதினாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. கணவன் போரில் இறந்துவிட்டான். விட்டுப்போன குழந்தை வளர்ந்து பெரிய பெண்ணாகித் தாயின் வயதிலேயே எதிரே நிற்கிறாள். அந்த நகையை அங்கேயே விட்டுவிட்டுச் செம்லி காட்டுக்குள் ஓடிவிடுகிறாள்.

மேரிகேக்கு அந்த விதி தெரிந்திருந்தது, ஆகவே அதைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டாள். செம்லிக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. வகுப்பறையில் நின்ற எனக்கு அந்தக் கதையைப் படித்தபோதெல்லாம் நெஞ்சு கனத்தது.

செங்காந்தள்

இரு பதிவுகளும் அழகாக இருக்கின்றன, ஆனால் இரண்டு இடங்களில் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, மேரிகேயையும் மாண்டெல்லாவையும் பிரித்தது ஒளி அன்று, ராணுவம். மாற்றல் உத்தரவில் கையெழுத்திட்டது ஒரு மனிதக் கை. அந்த நாவலின் கோபமே அங்கேதான் இருக்கிறது. இயற்கையின் விதிமேல் பழியைப் போட்டுவிட்டால் ஆசிரியர் சொல்ல வந்ததில் பாதி நம் கையைவிட்டுப் போய்விடும். பிரிவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று நம்மை நம்பவைப்பது பல அதிகாரங்களுக்கு வசதியானது என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, தலைப்பில் காதல் என்று இருக்கிறது, எடுத்துக்காட்டோ ஒரு போர் நாவலாக இருக்கிறது. காதலை மையமாக வைத்து அறிவியல் புனைவு எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்கள் பெயர் இதுவரை வரவில்லை. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே இலக்கணம் வைத்திருக்கிறது. காதலே கதையின் நடுவில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அந்த இலக்கணப்படி பார்த்தால் இந்த நாவல்களின் ஈர்ப்பு வலியில் மட்டும் இல்லை.

லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்' 1986இல் வந்தது. பகை நாடுகளைச் சேர்ந்த இரண்டு தளபதிகள், கோர்டீலியா என்ற பெண்ணும் ஆரல் என்ற ஆணும், இளமையின் முதல் வேகத்தைக் கடந்தவர்கள், ஆளில்லாத ஒரு கோளில் பல நாட்கள் சேர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது. கோர்டீலியாவின் இளம் அதிகாரி ஒருவன் நரம்பைத் தாக்கும் ஆயுதத்தால் அடிபட்டு, மூளை சிதைந்து, தன்னால் எதுவும் செய்துகொள்ள முடியாத நிலையில் இருக்கிறான். அவன் உயிரை முடித்துவிடுவதே கருணை என்கிறான் ஆரல். அவள் முடியாது என்கிறாள். கைதியாக இருந்துகொண்டே முடியாது என்கிறாள். அவனும் ஒத்துக்கொள்கிறான். கையிலிருப்பது ஓட்ஸ் கஞ்சி, அதற்குத் தொட்டுக்கொள்ள நீலப் பாலாடைக்கட்டிக் குழம்பு, அவ்வளவுதான். அந்தக் கஞ்சியைத் தானே உண்ணத் தெரியாத அந்தப் பையனுக்கு அவள் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே ஆரல் அவளை நேசிக்கத் தொடங்குகிறான். விண்கலமும் வேற்றுக்கோளும் அந்தக் கதைக்கு ஒரு தனிமையைக் கொடுக்கின்றன, ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்க ஒரு வெட்டவெளியைக் கொடுக்கின்றன. உள்ளே நடப்பது, இவனிடம் என் பலவீனமான ஆளை நம்பி விடலாமா என்று ஒரு பெண் எடைபோடுவது. பெண் பார்க்க வந்த கூடத்தில் காபித் தட்டுடன் நின்ற எத்தனையோ பேர் கேட்க முடியாமல் போன கேள்வி அது.

ஆன் மெக்காஃப்ரியின் 'தி ஷிப் ஹூ சாங்' இன்னொன்று. சிறுகதையாக 1961இலும் நூலாக 1969இலும் வந்தது. ஹெல்வா கடுமையான உடற்குறையுடன் பிறந்தவள், உலோகக் கூட்டுக்குள் வைக்கப்பட்டு ஒரு விண்கலத்தின் மூளையாக வளர்கிறாள். கலம் முழுவதும் அவளுக்குக் கண்ணும் காதும் உண்டு, ஆகவே அவளோடு பேசுகிறவன் எந்தப் பக்கம் பார்த்துப் பேசினாலும் அவளுக்குக் கேட்கும், தெரியும். ஜென்னன் மட்டும் பேசும்போதெல்லாம் அவள் உடல் இருக்கும் அந்த நடுத்தூணை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவ்வளவுதான். தொடுதல் இல்லை, முத்தம் இல்லை. நீ இங்கே இருக்கிறாய் என்று அவன் முகம் சொல்கிறது. அந்த ஒரு அசைவுக்காகவே நான் அந்தப் புத்தகத்தை மூன்றுமுறை வாங்கியிருக்கிறேன், இரண்டு பிரதிகளை இரவல் கொடுத்து இழந்தேன்.

நெய்தல்நிலம்

அக்கா, ராணுவத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நான் அவசரப்பட்டுவிட்டேன். இந்த விதிகள் எல்லாம் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளின் மீதுதான் வந்து உட்காருகின்றன, உத்தரவு இல்லாவிட்டால் ஒளியின் வேகம் அவர்களை என்ன செய்திருக்கும்? ஹால்ட்மன் தன் மனைவியின் பெயரையே நாயகிக்கு வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், போரிலிருந்து திரும்பியவர் யாருக்கு அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதினார் என்பதும் விளங்குகிறது.

ஜென்னன் முகம் திருப்பும் இடத்தை நான் கவனிக்காமலே கடந்துபோயிருக்கிறேன். மறுபடி படிக்கிறேன்.

பழைய_ஒலிநாடா

பல ஆண்டுகளாக இங்கே வாசிப்பவன், எழுதுவது அரிது. இந்த இழை என்னை எழுதவைத்துவிட்டது.

என் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருந்தார்கள். என் வாப்பா 1979இலிருந்து பதினொரு ஆண்டுகள் சவூதியின் தம்மாமில் வேலை பார்த்தார், இடையில் நான்கு முறைதான் ஊருக்கு வந்தார். கடிதம் வரும், அதைவிட முக்கியமாக ஒலிநாடா வரும். ஊருக்குத் திரும்பும் யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார். தெருவில் டேப் ரெக்கார்டர் இருந்தது ஒரே வீட்டில்தான். நாடா வந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். ஒருவருடைய நாடா ஓடும்போது மற்றவர்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள், அது சொல்லப்படாத ஒழுங்கு. நான் சின்னப் பிள்ளை என்பதால் உம்மாவின் மடியில் இருக்க அனுமதி உண்டு.

வாப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேசிக்கொண்டே வருவார், ஒரு கேள்வி கேட்பார், பிறகு சற்று நேரம் பேசாமல் இருப்பார். நாடாவில் மின்விசிறிச் சத்தமும் இரைச்சலும் மட்டும் கேட்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா என்பார், நிறுத்துவார். உம்மா அந்த இடைவெளியில், மிகவும் தணிந்த குரலில், விட்டிருச்சு என்பார். கூரை மாற்றியாச்சா என்பார், நிறுத்துவார். உம்மா பதில் சொல்வார். வாப்பா அங்கே தனி அறையில் உட்கார்ந்து, இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டு மௌனத்தைப் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார். இது எனக்கு விளங்குவதற்கு நாற்பது வயது ஆனது.

விளங்கவைத்தது ஓர் அறிவியல் புனைவுதான். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒரு சொல் போய்ச்சேர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம்வரை ஆகும். அந்தத் தாமதத்தை வைத்து எழுதப்பட்ட ஒரு காதல் கதையைப் படித்தபோது, அங்கே போனவன் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பக்கத்தில் எனக்கு வாப்பாவின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. செங்காந்தள் அக்கா சொல்வதுபோல எங்கள் பிரிவுக்கும் ஒளி காரணம் இல்லை. விசா, கடன், இரண்டு அத்தைமார் கல்யாணம் ஆகியவையே காரணம். ஆனால் அந்தக் காரணங்களோடு அதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சண்டைதான் வந்தது. யார் போகச் சொன்னது, யாருக்காகப் போனது என்ற பேச்சே பெரிதாகிவிடும். காரணங்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தூரத்தையும் மௌனத்தையும் மட்டும் ஒரு கதை என் முன்னால் வைத்தபோதுதான் என்னால் வாப்பாவுக்காக அழ முடிந்தது. நெய்தல்நிலம் முதலில் சொன்னதில் எனக்கு உண்மை இருப்பதாகத் தோன்றுவது அதனால்தான்.

இளவேனில்_வாசகி

மேலே உள்ள பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. நன்றி, அண்ணன்.

கடிதம் என்றதும் எனக்கு 2019இல் வந்த 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்' நினைவுக்கு வருகிறது. அமல் எல்-மொஹ்தார், மேக்ஸ் கிளாட்ஸ்டன் இருவரும் சேர்ந்து எழுதிய குறுநாவல், 2020இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது. காலத்தின் முன்னும் பின்னும் சென்று வரலாற்றை மாற்றிக்கொண்டிருக்கும் இரண்டு எதிரி அமைப்புகளில் ரெட், ப்ளூ என்று இரண்டு பெண் உளவாளிகள். அகப்பட்டால் மரணம் என்பதால் கடிதங்களைப் பெரும்பாலும் தாளில் எழுத முடியாது. மரத்தின் ஆண்டு வளையங்களில் எழுதுகிறார்கள், விதைகளில் எழுதுகிறார்கள். படித்தவுடன் கடிதம் அழிந்துவிட வேண்டும். எங்கள் தலைமுறைக்கு எழுதியவுடன் போய்ச்சேரும் செய்தியும், படித்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் கோடுகளும்தான் தெரியும். ஒரு வாக்கியத்தை அனுப்ப ஒரு மரம் வளரும்வரை பொறுத்திருக்கும் ஒருத்தியைப் படித்தபோது, என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லையே என்ற ஏக்கம் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. இப்போது என் தோழிகள் அதிகம் படிப்பது வேற்றுக்கோள் நாயகர்கள் வரும் காதல் தொடர்கள். ரூபி டிக்சனின் 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' 2015இல் ஆசிரியரே மின்னூலாக வெளியிட்டது, பிறகு பெரிய பதிப்பகத்துக்குப் போனது. அதில் உடலுக்குள் வாழும் ஓர் உயிரிதான் இவன் உனக்கானவன் என்று தீர்மானித்து நெஞ்சுக்குள் அதிர்கிறது. தேர்ந்தெடுக்கும் சுமை பெண்ணுக்கு இல்லை, கைவிடப்படுவோம் என்ற பயமும் இல்லை. அந்த நிச்சயம்தான் என் தோழிகளை இழுக்கிறது, என்னையும் இழுக்கிறது. ஆனால் உடலே முடிவெடுத்துவிட்டால் அவளுடைய சம்மதம் எங்கே இருக்கிறது? ஜாதகம் பொருந்திவிட்டது என்று வீட்டில் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் நினைத்துக்கொண்டேன்.

செங்காந்தள்

நியாயமான கேள்வி, இளவேனில். இந்த வகையின் நடு முடிச்சே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆட்ரி நிஃபெனெக்கரின் 'தி டைம் டிராவலர்ஸ் வைஃப்' 2003இல் வந்தது. ஹென்றி தன் விருப்பமில்லாமலே காலத்தில் தூக்கி எறியப்படுகிறவன். கிளேர் அவனை முதன்முதலில் பார்க்கும்போது அவளுக்கு ஆறு வயது, அவனுக்கு முப்பத்தாறு. அவனோ அவளை முதலில் சந்திப்பது தன் இருபத்தெட்டாம் வயதில், அவளுடைய இருபதாம் வயதில். நான் அந்த நாவலை முதலில் படித்தபோது விதியின் அழகு என்று உருகினேன். எனக்கு மகள் பிறந்த பிறகு படித்தபோது, அந்தப் புல்வெளியில் ஒரு வளர்ந்த ஆணிடம் எதிர்காலக் கணவனைக் கண்டுகொண்டு வளரும் சிறுமியைப் பார்த்துப் பதறினேன். அவளுக்கு வேறு எவனையும் விரும்பும் வாய்ப்பு இருந்ததா? அதே புத்தகத்தின் கடைசியில், எண்பத்திரண்டு வயதுக் கிளேர் ஒரே ஒருமுறை வரப்போகும் நாற்பத்து மூன்று வயது ஹென்றிக்காக உட்கார்ந்திருக்கும் காட்சியில் இரண்டாவது முறையும் அழுதேன் என்பதும் உண்மை. இரண்டு உணர்ச்சிகளும் எனக்குள் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க என்னால் முடியவில்லை.

நிச்சயத்தின்மேல் உன் தோழிகளுக்கு இருக்கும் ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். பகலெல்லாம் ஒவ்வொரு பார்வைக்கும் ஒவ்வொரு செய்திக்கும் அர்த்தம் தேடிக் களைத்த பெண்ணுக்கு, ஐயமே இல்லாத ஒரு நேசத்தை இரவு ஒரு மணிநேரம் படிப்பது ஓய்வு. நல்ல ஆசிரியர்கள் உடல் சொன்ன பிறகும் அவன் அவளிடம் கேட்டுக் காத்திருக்கும்படி எழுதுகிறார்கள். ஜாதகம் பார்த்த வீட்டில் அந்தக் காத்திருப்பு கிடையாது.

மருதத்தான்

எல்லோரும் மனம் கசிந்து எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு பக்கம் நிற்கிறேன்.

இந்த இழையில் பேசப்பட்ட காதலர்களில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் எத்தனை பேர்? மேரிகேயும் மாண்டெல்லாவும் கடைசிப் பக்கத்தில்தான் சேர்கிறார்கள். செம்லியின் கணவன் செத்துவிட்டான். ரெட்டும் ப்ளூவும் கடிதத்தில் வாழ்கிறார்கள். ஜென்னனும் முதல் கதையிலேயே இறந்துவிடுகிறான். தூரத்தை அவ்வளவு பெரிதாக்கிவிட்டால் காதல் தானாகவே புனிதமாகிவிடும். ஒரே வீட்டில், ஒரே குழாய்த் தண்ணீரில், இருபது ஆண்டு வாழ்ந்தபின் மிஞ்சும் அன்புதான் எழுதுவதற்குக் கடினமானது. திருக்குறளே பிரிவாற்றாமையைப் பாடிவிட்டு, பசலையைப் பாடிவிட்டு, ஊடலுவகையில் வந்துதான் முடிகிறது. இந்த நாவல்களில் ஊடல் எங்கே? ஒளியாண்டைக் கொண்டு வாசகனின் கண்ணீரை எளிதாக வாங்கிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஹால்ட்மனே 1999இல் 'ஃபாரெவர் ஃப்ரீ' என்று தொடர்ச்சி எழுதினார். அதில் அந்த இருவரும் குளிர்ந்த ஒரு கோளில் இரண்டு பிள்ளைகளோடு குடும்பம் நடத்துகிறார்கள். அதை இங்கே ஒருவரும் குறிப்பிடவில்லை. அந்தக் குடும்பத்தைப் பார்க்க நமக்கு ஆசை இல்லையோ?

கதிர்_ஆசிரியர்

மருதத்தான், கேள்வி கூர்மையானது. தொடர்ச்சியை நான் படித்திருக்கிறேன். அந்தக் குடும்ப வாழ்க்கையிலும் இருவரும் நிம்மதியாக இல்லை, மறுபடியும் கப்பலேறிக் காலத்தில் வெகுதூரம் போய்விட வேண்டும் என்றுதான் திட்டமிடுகிறார்கள். காத்திருக்கப் பழகியவர்களுக்கு வந்துசேர்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை என்றே அதைப் புரிந்துகொண்டேன்.

கண்ணீரை எளிதாக வாங்குகிறார்கள் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எளிதாக வாங்க நினைப்பவர் கணக்கைச் சரியாகப் போட வேண்டிய அவசியம் இல்லை.

செங்காந்தள்

ஊடல் வேண்டும் என்று கேட்டதால் சொல்கிறேன், புஜோல்டின் 'எ சிவில் கேம்பெயின்' படியுங்கள், 1999. அதற்கு முன்னால் 1998இல் வந்த 'கோமார்' நாவலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எகடெரின் கசப்பான ஒரு மண வாழ்க்கையிலிருந்து மீண்ட விதவை. மைல்ஸ் அவளை விரும்புகிறான், அவள் துக்கம் ஆறட்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமலே ஒரு போர்த்தந்திரம்போலத் திட்டம் போட்டு நெருங்குகிறான். ஊருக்கே தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும் அது உடைந்து, அவள் எழுந்து போய்விடுகிறாள். பிறகு அவன் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறான். உன்னைக் கேட்காமல் வெல்லப் பார்த்தேன் என்ற ஒப்புதல்தான் அதன் சாரம். அவள் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். மன்னிப்புக் கேட்கும் கணவனை முதல் மண வாழ்க்கையில் அவள் கண்டதில்லை.

அங்கே ஒளியாண்டு எதற்கு என்று கேட்பீர்கள். அந்த உலகில் குழந்தை கருவியின் கருப்பையில் வளர முடியும். உயிரைப் பணயம் வைத்துப் பெற வேண்டியதில்லை என்றாகிவிட்டால், ஒரு பெண் எதற்காக ஒருவனைத் திருமணம் செய்துகொள்வாள் என்ற கேள்வி பழைய விடைகள் எதுவும் இல்லாமல் நிற்கிறது. நிலவுடைமைப் பழக்கங்கள் உள்ள ஒரு சமூகத்தில் அந்தக் கருவி வந்து நுழைகிறது என்பதால், படிக்கும்போது எனக்கு அது தூரத்துக் கோளாகத் தோன்றவில்லை, என் மாமியார் வீட்டு முற்றமாகத்தான் தோன்றியது.

பழைய_ஒலிநாடா

மருதத்தான் கேட்டதற்கு என் வீட்டில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். 1990இல் வாப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். முதல் இரண்டு ஆண்டுகள் மிகவும் சிரமமாக இருந்தன. நாடாவில் அவ்வளவு பேசியவர் நேரில் பேசவில்லை. உம்மா சமைக்கும் முறையே தனக்குப் பழகவில்லை என்பார், உம்மா வீட்டுக் கணக்கைத் தானே பார்க்கப் பழகியவர், அதை விட்டுக்கொடுக்க மாட்டார். அதை எழுதிய நாவல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை, அந்த அளவில் உங்கள் வருத்தம் சரி. கதிர் ஐயா சொன்ன தொடர்ச்சியைத் தேடிப் படிக்கப்போகிறேன்.

நேற்று இரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். வாப்பா மௌத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, ஆகவே இரவில் நான் ஏதாவது கதை சொல்வது வழக்கம். மேரிகேயின் கதையைச் சொன்னேன். போர் எதற்கு நடந்தது என்பதை அவர் கேட்கவில்லை, கப்பல் எப்படி அவ்வளவு வேகமாகப் போகும் என்பதையும் கேட்கவில்லை. கடிதத்தை நான் தமிழில் சொல்லி முடித்ததும் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒன்று கேட்டார்.

"அந்தப் புள்ள அந்தக் கப்பல்ல தனியாவா இருந்துச்சு?"

நான் புத்தகத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். கப்பலை வாங்கப் பணம் போட்டவர்கள் அவளோடு சேர்த்து ஆறு பேர், அவளைப் போலவே பழைய காலத்தவர்கள். தனியாக இல்லை உம்மா, கூட இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள் என்றேன்.

"அப்ப சரி" என்றார்.